மலையிறங்கிப் போன ஓட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். ஜனநாயக நாடுகளில் ஓட்டுப்பதிவு ஏன் குறைகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1950-ல் நூற்றுக்கு 84 பேர் ஓட்டுப் போட்டார்கள். 2024-ல் அது 60-ஐத் தொடவில்லை. சுவிட்சர்லாந்தில் 1979-லிருந்து நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பாதிப் பேர்கூட வருவதில்லை. நம் தமிழ்நாட்டில் 2011 சட்டமன்றத் தேர்தலில் 78 சதவீதம், 2021-ல் 73 சொச்சம். மக்களவைக்கு 2019-ல் 72. 2024-ல் 70-க்கும் கீழே.

இந்தக் கணக்கு வெளியானதும் எல்லோரும் இளைஞர்களைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். அக்கறை இல்லை, லீவு விட்டால் தூங்குகிறார்கள் என்று. சென்னையைப் பற்றி நான் பேசவில்லை. நீலகிரியைப் பொறுத்தவரை அந்தத் திட்டு நியாயமில்லை. இங்கே வராத ஓட்டில் பெரும்பங்கு, வர முடியாத ஓட்டு. அப்படித்தான் நான் நினைக்கிறேன்.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் எஸ்டேட்டுகளில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய. நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன்தான். இலங்கையில் 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள், அதாவது அங்கே தோட்ட வேலைக்குப் போன இந்தியத் தமிழர்கள், ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆட்களையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு வருஷமே அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். லட்சக்கணக்கான பெயர்கள் பட்டியலிலிருந்து போயின. 1952 தேர்தலில் அவர்களுடைய கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. பிறகு 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதிக்கு டான்டீ என்ற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. ஓட்டும் திரும்பக் கிடைத்தது.

அதனால்தான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் சாவடி போட்டால் முதல் வரிசையில் பாட்டிமார் நிற்கிறார்கள். காலை ஏழு மணிக்கு முன்னாலேயே, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், தலையில் துண்டு, கையில் சீட்டு. கொழுந்து பறித்துப் பறித்து விரலெல்லாம் இலைக் கறை ஏறிக் கறுத்திருக்கும். அதன் மேல் மை வைத்தால் சட்டென்று தெரியாது. வைத்துவிட்டாரா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் நகர்வார்கள்.

சரி, பேரன் எங்கே? திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பேத்தி கோயம்புத்தூரில். ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், தோட்டத்துக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது. அதனால்தான் இறங்கினார்கள். பெயர் மட்டும் இங்கேயே இருக்கிறது. சாவடிச் சீட்டு வீட்டுக்கு வருகிறது, டி.வி. பெட்டி மேல் கிடக்கிறது. ஓட்டுப்பதிவு சதவீதம் போடும்போது அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் வகுக்கிறார்கள்.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. அந்தப் பையன் ஓட்டுப் போட வேண்டும் என்றால் வியாழக்கிழமை இரவு திருப்பூரில் பஸ் ஏறி, மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் என்று மாறி, அங்கிருந்து எஸ்டேட்டுக்கு ஜீப் பிடிக்க வேண்டும். திரும்பவும் அதே வழி. தேர்தல் நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு, தினக்கூலிக்காரருக்கும் பொருந்தும். ஆனால் பீஸ் ரேட்டில் தைப்பவனுக்கு அந்தச் சம்பளத்தை யார் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள்? பஸ் காசு, போன கூலி எல்லாம் அவன் தலையில்தான்.

பெயரைத் திருப்பூருக்கு மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். படிவம் 8 கொடுத்தால் மாறும். முகவரிக்குச் சான்று வேண்டும். நாலு பேர் சேர்ந்திருக்கும் ரூமுக்கு வீட்டுக்காரர் எழுதிக்கொடுக்க மாட்டார். ஆறு மாசத்தில் வேறு ரூம். தவிர, அவனுக்கு இங்கேதான் ஓட்டுப் போட ஆசை. அம்மா இங்கே, ரேஷன் கார்டு இங்கே, ரோடு கேட்டுக்கொண்டிருப்பது இங்கே.

தேர்தல் ஆணையத்துக்கு இது தெரியாததல்ல. 2019-ல் சுமார் 30 கோடிப் பேர் ஓட்டுப் போடவில்லை, அதற்கு உள்நாட்டு இடப்பெயர்வு ஒரு முக்கியக் காரணம் என்று 2022 கடைசியில் ஆணையமே சொன்னது. வெளியூரில் இருப்பவர் அங்கிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட, ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகளுக்கு ஓட்டுப் பதியும் மாதிரியையும் தயாரித்து 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டது. பல கட்சிகள் எதிர்த்தன. வெளியூர்ச் சாவடியில் ஏஜெண்ட் யார் உட்காருவது, யாரெல்லாம் புலம்பெயர்ந்தவர் என்று எப்படிக் கணக்கெடுப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் பதில் தேடாமல் அப்படியே விட்டுவிட்டது எனக்கு வருத்தம். 85 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே போய் ஓட்டு வாங்க 2024-ல் முடிந்தது. ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடுவது கட்டாயம். கூடவே, தன் மாநிலத்துக்குள் எந்தச் சாவடியிலும் போடலாம்.

வசதி செய்தால் மட்டும் எல்லாரும் வந்துவிடுவார்களா என்றால், மாட்டார்கள். சுவிட்சர்லாந்தில் தபாலிலேயே ஓட்டை அனுப்பலாம், அப்படியும் வருவதில்லை. தேர்தல் முடிவு எதுவானாலும் பெரிய கட்சிகள் எல்லாம் சேர்ந்துதான் அங்கே அரசு நடத்துகின்றன. ஓட்டால் எதுவும் பெரிதாக மாறாது என்று தோன்றினால் கால் நகராது.

அந்த எண்ணம் நம் கூடலூரிலும் உண்டு. ஜன்மம் என்ற பழைய பரம்பரை நிலவுடைமையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1969-ல். அதில் உரிமை முடிவாகாத பிரிவு 17 நிலம் என்று சொல்லிப் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் கரண்ட் இல்லை என்று எத்தனை வீடுகள் இன்னும் நிற்கின்றன! தேர்தலுக்குத் தேர்தல் முடித்துத் தருகிறோம் என்பார்கள். கடைசியில் சலித்துப்போய் ஊர் முகப்பில் தேர்தல் புறக்கணிப்பு என்று பேனர் கட்டுகிறார்கள். அவர்களை அக்கறையற்றவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஓட்டுக்குப் பதில் வரவேண்டும் என்று மற்றவர்களைவிட அதிகமாக எதிர்பார்த்தவர்கள் அவர்கள்தான். ஆனாலும் புறக்கணிப்பில் எனக்கு உடன்பாடில்லை. வேட்பாளர் விழுந்த ஓட்டைத்தான் எண்ணுகிறார், விழாத ஓட்டு அவருக்கு வலிப்பதில்லை. கோபம் என்றால் 2013-லிருந்து நோட்டா இருக்கிறது. அது வெற்றி தோல்வியை மாற்றாது, ஆனால் எண்ணிக்கையில் பதிவாகும்.

இப்போதைக்கு நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து தெரிந்துகொள்ளலாம். நிரந்தரமாக வெளியூரில் தங்கிவிட்டவர்கள் தயங்காமல் படிவம் 8 கொடுங்கள். திரும்பி வர நினைப்பவர்களுக்காக நாம் சேர்ந்து ஒன்று கேட்க வேண்டும். தீபாவளிக்கு விடுகிற மாதிரி, ஓட்டுப்பதிவுக்கு முந்தின இரவு திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிக்குச் சிறப்புப் பஸ்கள், மறுநாள் மாலை திரும்பவும் பஸ்கள். தேர்தல் தேதி அறிவித்த அன்றே ஒவ்வோர் ஊரிலிருந்தும் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு போனால்தான் அதற்குள் ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும். வணக்கம்.