பத்து வயதுச் சிறுமியும் நானும் ஒருவர்தானா?

மோல்மேனிலிருந்து ஓர் அம்மையார் கேட்டிருக்கிறார்: "எனக்குப் பள்ளிப் பதிவேட்டில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். கன்னத்தில் தனக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசி நிற்கும் என் பத்து வயதுப் படத்தைப் பார்த்தால், யார் வீட்டுப் பிள்ளையோ என்று தோன்றுகிறது. ஆனால் அவள் அம்மாவின் டப்பாவிலிருந்து எடுத்த ஒரு கியாட்டுக்காக எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. அவளும், அறுபதைக் கடந்த நானும் ஒருவர்தானா?"

பெயரை ஒதுக்கிவிடலாம். இந்தப் பர்மாவில் நம்மில் பலருக்கு இரண்டு பெயர்கள் உண்டு; எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பவர் ஒருவரே. காலம்தான் சிக்கல்.

மிலிந்த மன்னருக்கும் நாகசேனத் தேரர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நடந்த உரையாடலைப் பர்மியப் பௌத்த மரபு திரிபிடகம் என்னும் தன் மறைநூல் தொகுப்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. குழந்தையாகக் கிடந்தவனும் வளர்ந்து நிற்பவனும் ஒருவனா, வேறா என்னும் கேள்விக்குத் தேரர், அவனும் அல்லன், வேறொருவனும் அல்லன் என்கிறார். இரவு முழுவதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றாகா. ஆயினும் எரிந்தது ஒரு விளக்குதான். சற்றுமுன் மின்சாரம் போய்விட்டதால் என் முன்னே மெழுகுவத்தி ஏற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் கேள்வியைப் படிக்கத் தொடங்கியபோது எரிந்த மெழுகு இப்போது இல்லை. கொஞ்சம் வழிந்து தட்டில் உறைந்திருக்கிறது. ஆனாலும் வேறு சுடர் வந்துவிட்டதாக நாம் சொல்வதில்லை, ஏனெனில் ஒவ்வொரு கணத்துச் சுடரும் முந்தைய கணத்திலிருந்தே பற்றிக்கொள்கிறது.

நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமான குண்டலகேசி இன்னும் கடுமையாகப் பேசும்: பாலப் பருவம் செத்தது, காளைப் பருவம் செத்தது, இப்படி நாள்தோறும் சாகின்ற நாம் நமக்காக ஏன் அழவில்லை என்று கேட்கும்.

அப்படியானால் "கடன் வாங்கியவன் வேறு, நான் வேறு" என்று கைவிரிக்கலாமா? ரங்கூன் மொகல் தெருவில் அன்றிருந்த செட்டியார் கடைகளில் இந்தத் தத்துவம் எடுபட்டிருக்காது. தேரரும் விடவில்லை. மாம்பழம் திருடியவன், "தோட்டக்காரர் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்தது வேறு" என்று வாதாடினாலும், நட்டதிலிருந்து வந்ததே பறித்தது என்பதால் அவன் தண்டனைக்குரியவன் என மன்னரே ஒப்புக்கொள்கிறார்.

சைவ சித்தாந்தம் வேறு வழியில் செல்லும். "எனது உடல்" என்கிறோமே, அப்படிச் சொல்பவன் உடலுக்கு வேறான ஒருவன் என்பது மெய்கண்டார் வாதம். எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. "எனது உயிர்" என்றும் சொல்கிறோமே!

அம்மா, அதே ஒரு கியாட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்திருந்தால் உங்களுக்குக் கோபம் வந்திருக்கலாம், சிரிப்புகூட வந்திருக்கலாம். ஐம்பது ஆண்டு கழித்துக் கூச்சம் வந்திருக்காது.