கல்லிடையில் நிற்காத பஸ்

(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம். மூலக்கூறு உயிரியல் என்றதும் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள் என்று பயந்தேன். நல்லவேளை, வெளியே மழை.

சேரன்மகாதேவியில் எங்களுக்கு இலக்கணம் நடத்திய தமிழய்யா, கரும்பலகையில் 'பலகை' என்று எழுதிவிட்டு, "இது என்னலே?" என்பார். பலகை என்போம். நடுவில் ஒரு கோடு கிழிப்பார்: பல கை. 'தாமரை'யைத் தா, மரை என்று பிரிப்பார். பூ போய் மான் வந்துவிடும். பொதுமொழி என்று அதற்குப் பெயர். நாற்பது வருஷம் கழித்து, ஆய்வகத்தில் நான் பார்ப்பதும் அதே வேலைதான். கோடு எங்கே விழுகிறது என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டி.என்.ஏ. என்பது நம் உடம்பின் மூலப்பத்திரம், ஏ, சி, ஜி, டி என்ற நாலே எழுத்தில் எழுதியது. அதை யாரும் வீட்டைவிட்டு வெளியே எடுப்பதில்லை, நகல்தான் போகும். அந்த நகல் ஆர்.என்.ஏ. ஆனால் எடுத்த நகல் அப்படியே உதவாது. புரதம் செய்யத் தேவையான துண்டுகள் எக்ஸான்கள். அவற்றுக்கு இடையில் நீளநீளமாகக் கிடப்பவை இன்ட்ரான்கள். இன்ட்ரானை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸான்களை ஒட்டும் வேலைக்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். 1977 வரை இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. அந்த வருஷம் ஃபிலிப் ஷார்ப் குழுவும் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுவும் தனித்தனியே, அடினோ வைரஸின் ஆர்.என்.ஏ.வை அதன் டி.என்.ஏ.வோடு சேர்த்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆர்.என்.ஏ.வில் வெட்டுப்பட்டுப்போன இடங்களில், ஜோடி கிடைக்காத டி.என்.ஏ. கண்ணி கண்ணியாகப் புடைத்து நின்றது. 1993இல் இருவருக்கும் நோபல்.

நமக்குப் புரத மரபணுக்கள் சுமார் 20,000தான். அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக வெட்டி ஒட்டப்படுகின்றன. எல்லாம் பொதுமொழிகள்!

கோடு தப்பி விழுந்தால்? இந்தியாவில் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோய்க்கு மிக அதிகமாகக் காரணமாக இருக்கும் பிழை, ஹீமோகுளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்து. ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி. வெட்டி எறியப்போகிற பகுதியில்தான் அந்த எழுத்து இருக்கிறது. ஆனாலும் வெட்டுமிடத்தின் அடையாளம் கலைந்துவிடுகிறது. குழந்தைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியதாகிறது.

இன்னொன்று, தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய். தசையை இயக்கும் நரம்பணுக்கள் செத்து, தசை வலுவிழந்துபோகும். இதில் எஸ்.எம்.என்.-1 என்ற மரபணு இல்லாமலோ கெட்டோ போயிருக்கும். பக்கத்திலேயே தம்பி மாதிரி எஸ்.எம்.என்.-2 இருக்கிறது. அண்ணன் வேலையை அது பார்க்கலாமே? பார்க்காது. ஏழாவது எக்ஸானில் ஒரே ஒரு எழுத்து வேறு. அதனால் புரதத்தில் கோத்திருக்கும் மணியான அமினோ அமிலம்கூட மாறுவதில்லை. ஆனாலும் பெரும்பாலான நகல்களில் அந்த எக்ஸானே விட்டுப்போகிறது.

எப்படி என்றால், ஒருநாள் கல்லிடைக்குறிச்சி அத்தை வீட்டுக்குப் போக திருநெல்வேலி ஜங்ஷனில் பாபநாசம் பஸ் ஏறினேன். வீரவநல்லூர் தாண்டியதும் கண்ணசந்துவிட்டேன். "கல்லிடை ஆள் உண்டா?" என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். என் குரல் எழும்பவில்லை. பின்சீட்டில் யாரோ அவசரக்காரர், "ஆள் இல்ல, ரைட் ரைட்!" என்று கத்தியிருக்கிறார். கண் விழித்தால் அம்பாசமுத்திரம். கல்லிடை இருந்த இடத்தில்தான் இருந்தது, பஸ்தான் நிற்கவில்லை.

ஏழாவது எக்ஸானுக்கு அடுத்த இன்ட்ரானிலும் அப்படி ஒரு 'ரைட் ரைட்' ஆசாமி உண்டு. விஞ்ஞானி ஏட்ரியன் கிரைனரும் கூட்டாளிகளும் உருவாக்கிய நுசினெர்சன் என்ற மருந்து, 18 எழுத்தே உள்ள சின்னத் துண்டு. போய் அந்த ஆசாமியின் வாயைப் பொத்துகிறது. பஸ் நிற்கிறது. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதுகுத்தண்டு நீரில் ஊசியாகப் போட வேண்டும், தொடக்கத்தில் அடுத்தடுத்து, பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை. 2020இல் வாய்வழி மருந்தும் வந்தது. விலையைச் சொன்னால் தலை சுற்றும். அறிகுறி தெரியும் முன்பே மருந்து கிடைத்த குழந்தைகளில் பலர் நடக்கிறார்கள். செத்த நரம்பணுவை எந்த மருந்தும் எழுப்பாது. அதனால்தான் பிறந்த உடனே பரிசோதனை என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துகிறோம்.

இந்த இரண்டு நோய்க்கும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வர வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே முடித்தால் அதற்கு வாய்ப்பு கூடும். என் அம்மாவுக்கு அவருடைய தாய்மாமனைத்தான் கட்டிவைத்தார்கள், அதனால் நான் ரொம்பப் பேசினால் ஆச்சி ஆவியாக வந்து அடிப்பாள். ஆனால் ஒன்று: பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 'நாலில் ஒன்று' என்று டாக்டர் சொன்னால், ஒரு பிள்ளைக்கு வந்தாயிற்று, அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும். கல்யாணத்துக்கு முன்பே பெண்ணும் மாப்பிள்ளையும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஜாதகம் பார்க்கிற நேரத்தில் இதையும் பார்த்துவிடலாம்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். ஆனால் சுருக்கமாக. நான் பாபநாசம் பஸ் பிடிக்க வேண்டும், கல்லிடையில் நிற்கிற பஸ்ஸாகப் பார்த்து.