நிலவில் ஒரு கிலோ அரிசி

அவையோர்க்கு வணக்கம்.

மளிகைக் கடையில் ஒரு கிலோ அரிசி கேட்கிறோம். கடைக்காரர் இருதட்டுத் தராசின் ஒரு பக்கம் படிக்கல்லை வைத்து, மறுபக்கம் அரிசியைக் கொட்டி, முள் நடுவில் நிற்கும்வரை ஒரு பிடி சேர்ப்பதும் ஒரு பிடி எடுப்பதுமாக நிறுக்கிறார். அந்தக் கடையை அப்படியே பெயர்த்து நிலவில் வைத்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். ஏனெனில் அங்கே இழுவை அரிசிக்குக் குறைந்த அளவே படிக்கல்லுக்கும் குறைந்திருக்கும். ஆனால் அதே அரிசியைப் பையில் கட்டிச் சுருள்வில் தராசின் கொக்கியில் மாட்டினால், இங்கே ஒரு கிலோ காட்டிய வில் அங்கே ஏறத்தாழ 165 கிராமோடு நின்றுவிடும். தட்டுத் தராசு அளந்தது நிறையை. வில் தராசு அளந்தது எடையை, அதாவது அந்த நிறையைக் கோள் இழுக்கும் விசையை. (இலங்கைப் பாடநூல்கள் முன்னதைத் திணிவு என்றும் பின்னதை நிறை என்றும் வழங்குகின்றன, நான் இங்கே தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றுகிறேன்.)

எடை இடத்துக்கு இடம் மாறும் என்பதை அறிய நிலவு வரை போக வேண்டியதில்லை. 1672இல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குச் சென்ற வானியலாளர் ழான் ரிஷே, தம் ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். இழுவை குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும், அதனால் நடுவில் சற்றே புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டின் அருகே இழுவை குறைகிறது. துருவத்தில் 60 கிலோ காட்டுபவர், நிலநடுக்கோட்டில் அதே வில் தராசில் ஏறினால் சுமார் 300 கிராம் குறைந்திருப்பார்.

மற்ற கோள்களுக்கு வருவோம். பெரிய கோள் என்றால் எடை பல மடங்கு கூடும் என்றே நினைக்கத் தோன்றும். சனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறை பூமியைப் போல் 95 மடங்கு. ஆனால் நடுக்கோட்டில் அதன் ஆரமும் பூமியைப் போல் ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு. ஈர்ப்போ தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைவது. ஒன்பதரையை ஒன்பதரையால் பெருக்கினால் 90. 95ஐ 90ஆல் வகுத்தால் ஒன்றுக்குச் சற்றே மேல். ஆக, அதன் வேகமான சுழற்சியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அவ்வளவு பெரிய சனியின் மேக உச்சியிலும் 60 கிலோ மனிதர் சுமார் 64 கிலோதான் காட்டுவார். இந்தச் சிறு வகுத்தலை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். வியாழனில் அவர் 150 கிலோவைத் தாண்டுவார். செவ்வாயிலும் புதனிலும் 23 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

இனி விண்வெளி. அங்கே ஈர்ப்பே இல்லை, அதனால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள் என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறோம். பன்னாட்டு விண்வெளி நிலையம் நமக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. தரையில் உள்ள ஈர்ப்பில் 89 விழுக்காடு அங்கேயும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் நிலையம் பூமியைச் சுற்றாமல் நேர்கோட்டில் விலகிப் போய்விடும். மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்துகொண்டே அது இடைவிடாமல் விழுகிறது. விழும் பாதையின் வளைவும் பூமியின் வளைவும் ஒத்துப்போவதால் தரையைத் தொடுவதில்லை. உள்ளே இருப்பவரும் அவர் காலடித் தளமும் சேர்ந்தே விழும்போது, தளம் அவரைத் தாங்கித் தள்ள வழியில்லை. நாம் எடை என்று உடலில் உணர்வது அந்தத் தாங்குதலைத்தான். லிஃப்ட் கீழ்நோக்கிக் கிளம்பும் நொடியில் அடிவயிறு லேசாவதும் இதன் சிறு பங்கே.

அங்கே தட்டுத் தராசும் உதவாது, வில் தராசும் உதவாது. ஆயினும் வீரர்களின் உடல் மெலிகிறதா என்று மருத்துவர்கள் அறிந்தாக வேண்டும். மாதக்கணக்கில் தங்குவோரின் தசையும் இடுப்பெலும்பும் தேய்கின்றன. இதற்காக 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலேப் நிலையத்திலேயே வில்லோடு இணைத்த நாற்காலி ஒன்று இருந்தது. வீரர் அதில் தம்மை இறுகக் கட்டிக்கொள்வார். நாற்காலி முன்னும் பின்னும் ஆடும். நிறை மிகுந்தால் மெதுவாக ஆடும், குறைந்தால் விரைந்து ஆடும். ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைக் கொண்டு அவர் எத்தனை கிலோ என்று கணக்கிட்டுவிடுவார்கள்.