திட்டத்துக்குக் கைகால் கொடுத்த அமைச்சகம்

நேயர்களுக்கு வணக்கம்.

1966ஆம் ஆண்டில் எனக்குப் பதினோரு வயது. கோயம்புத்தூரில் ஒரு மில் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தோம். ரேஷன் கடையிலிருந்து அப்பா கோதுமை வாங்கி வருவார். அரிசிச் சோறே தெரிந்த வீட்டில் கோதுமையை என்ன செய்வது? அம்மா அதைத் திரிகையில் இட்டு உடைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினார். ஒருநாள் தோசைக்கு அரைத்தார். தோசை கல்லைவிட்டு எழும்பவே இல்லை. அதைச் சுரண்டித்தான் சாப்பிட்டோம். அந்தக் கோதுமை அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரியும். அந்தக் கப்பல்கள் வருமா, எப்போது வரும் என்று டெல்லியில் ஓர் அமைச்சகமே தூக்கமின்றிக் காத்திருந்தது என்பது அதற்கும் வெகுகாலம் கழித்துத் தெரிந்தது.

நாட்டின் வளர்ச்சித் திட்டத்தில் ஓர் அமைச்சகத்தின் பங்கு என்ன என்று பேச அழைத்திருக்கிறார்கள். வேளாண்மைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்த அமைச்சகத்தை வைத்தே சொல்கிறேன்.

மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டம் 1961இல் தொடங்கியது. அதன் கடைசி ஆண்டான 1965-66இல் 10 கோடி டன் உணவு தானியம் விளைய வேண்டும் என்று, ஐந்தாண்டுத் திட்டங்களை வகுத்த மத்திய அரசின் திட்டக் குழு எழுதி வைத்தது. விளைந்தது 7.2 கோடி டன். மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் மழைமேல் மட்டும் பழி போட்டுவிட முடியாது. இலக்கு டெல்லியில் இருந்தது. விதை, உரம், விலை, கிடங்கு எதுவும் உழவரிடம் போய்ச் சேரவில்லை. 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி ஆனது. அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமையை மொத்தமாக ஒப்புக்கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்தார்.

இந்த நெருக்கடி முற்றுவதற்கு முன்பே, 1964 ஜூனில், லால் பகதூர் சாஸ்திரியின் அமைச்சரவையில் உணவு, வேளாண் துறையை ஏற்றவர் சி.சுப்பிரமணியம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அதற்குமுன் எஃகுத் துறையைப் பார்த்தவர். உணவுத் துறைக்குப் போனால் பெயர் கெடும் என்று அரசியல்வாதிகள் பயந்த காலம் அது.

அவர் அமைச்சகம் செய்த வேலையை வரிசைப்படுத்திப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. உழவர் கூடுதலாக விளைவித்தால் விலை விழும், விலை விழுந்தால் அடுத்த போகம் அவர் கடன் வாங்கி உரம் போட மாட்டார். ஆகவே முதலில் விலை. 1965 ஜனவரியில் வேளாண் விலைக் குழு அமைந்தது. விலையை அறிவித்தால் போதுமா? அந்த விலைக்கு வாங்க ஆள் வேண்டும். அதே ஜனவரியில், பொங்கலை ஒட்டி, இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. வாங்குவதற்கு நெல் எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்தார்கள்!

அடுத்தது ஆராய்ச்சி. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் அதுவரை நிர்வாக அதிகாரிகளே இருந்து வந்தார்கள். கோதுமை விஞ்ஞானியான பி.பி.பால் அந்த இடத்துக்கு வந்தார். மெக்சிகோவில் அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமையை எம்.எஸ்.சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் டெல்லி வயல்களில் விதைத்துப் பார்த்திருந்தார்கள். பழைய ரகத்துக்கு உரம் அதிகம் போட்டால் தாள் உயர்ந்து, கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது. இது விஞ்ஞானிகளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை நாட்டின் வயல்களுக்குக் கொண்டுபோக அமைச்சகத்தால்தான் முடியும். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை கப்பலேறியது. வேளாண் செயலராக இருந்து இதற்கெல்லாம் ஓடியாடியவர் பி.சிவராமன். அவரைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

எல்லாரும் கைதட்டி அனுமதித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். திட்டக் குழுவில் எதிர்ப்பு இருந்தது. உரத்துக்கு ஏது அந்நியச் செலாவணி? நெல்லுக்கும் கோதுமைக்கும் விலையை உயர்த்தினால் நகரத்துத் தொழிலாளி எப்படிச் சாப்பிடுவார்? நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் ஒத்துக்கொள்ளவில்லை. தமிழகத்திலிருந்து போன இரண்டு பேர், ஒரே அமைச்சரவையில், எதிரெதிரே நின்று வாதாடினார்கள். நான் அந்த வாதத்தை மதிக்கிறேன். நிதி அமைச்சகம் பணத்துக்குக் காவல் நிற்க வேண்டும். வேளாண் அமைச்சகம் வயலுக்காகப் பேச வேண்டும். தனக்கு ஒதுக்கியதை வாங்கிக்கொண்டு, கொடுத்த இலக்கைத் தலைமேல் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிற அமைச்சகத்தால் திட்டத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. களத்தில் நடக்காது என்று தெரிந்தால் அதைத் திட்டமிடுகிறவர் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் அதற்கு வேண்டும்.

சுப்பிரமணியம் வாதத்தோடு நிற்கவில்லை. டெல்லியில் தம் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது புதிய கோதுமையை விதைத்தார்.

1967 தேர்தலில் அவர் தோற்றுப்போனார். தொடர்ந்து துறைக்கு ஜகஜீவன் ராம் வந்தார். வேலை நிற்கவில்லை. 1964-65இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68இல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. மழையும் நன்றாகப் பெய்த ஆண்டு அது. ஆள் மாறினாலும் அமைச்சகத்துக்குக் கை பழகியிருந்தது. இங்கே தஞ்சையில், குறுவைக்கு ஏற்ற ஆடுதுறை 27 நெல் ஊர் ஊராகப் பரவியது. 105 நாளில் அறுவடை.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் உங்களுக்கு முழுமையாகச் சொன்னவன் ஆக மாட்டேன். 1968 டிசம்பர் 25 இரவு, அதே தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் எரிக்கப்பட்டார்கள். தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளும் அதிகம். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்ட போராட்டத்தின் பின்னணியில் நடந்த கொலை அது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று அமைச்சகம் கணக்குப் பார்த்தது. அறுத்த கைக்கு எத்தனை மரக்கால் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கும் அமைச்சகம் எது? வேளாண்மையா, தொழிலாளர் துறையா, வருவாய்த் துறையா? அடுத்த ஆண்டே மத்திய உள்துறை அமைச்சகம் நிலம் சார்ந்த பதற்றங்களைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. விளைச்சலின் பலன் மேலிருப்பவர்களிடமே தங்கியதை, சட்டம் ஒழுங்கைப் பார்க்கிற அமைச்சகம் எழுத வேண்டி வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நான் நடந்திருக்கிறேன். நல்ல விளைச்சலைப் பற்றிப் பேச எனக்கு நாக்கு எழும்பியதில்லை.

நேயர்களே, 1950இல் பிறந்த திட்டக் குழு இன்று இல்லை. 2015 ஜனவரி முதல் நாள் அதன் இடத்துக்கு நிதி ஆயோக் என்ற ஆலோசனை அமைப்பு வந்தது. அதற்கு அமைச்சகங்களுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் கிடையாது. பன்னிரண்டாவது திட்டம் 2017இல் முடிந்தபின் ஐந்தாண்டுத் திட்டமும் இல்லை. ஆகவே எதைச் செய்வது, எந்த வரிசையில் செய்வது என்ற பொறுப்பு முன்னைவிட அதிகமாக அமைச்சகங்களின் தலையில்தான் விழுந்திருக்கிறது. திட்டக் குழு மறுத்துவிட்டது என்று யாரும் இனிக் கை விரிக்க முடியாது.

போன ஐப்பசியில் ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தேன். குறுவை அறுத்த நேரம், அடைமழை. நெல்லில் 17 விழுக்காட்டுக்குமேல் ஈரம் இருந்தால் எடுக்கக் கூடாது என்பது விதி. எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர் கையளவு நெல்லை ஈரமானியில் போட்டார். 20 காட்டியது. தளர்வு கொடுக்க மத்திய அமைச்சகத்தின் உத்தரவு வேண்டும். அதற்கு மாநில அரசு கடிதம் எழுத வேண்டும். பிறகு ஒரு குழு வந்து மாதிரி எடுத்துப் போக வேண்டும். ஐப்பசியில் மழை பெய்யும் என்பது டெல்டாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இந்த ஏற்பாட்டை ஆடியிலேயே செய்து வைக்க என்ன தடை?

அந்தப் பெரியவர் யாரையும் திட்டவில்லை. லேசாக வெயில் அடித்ததும் தார்ப்பாயை விலக்கினார். தார்ச்சாலை ஓரமாக நெல்லைப் பரப்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலால் துழாவியபடி முன்னும் பின்னும் நடக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் பதினான்கு குவியல்கள் இருந்தன. நான் எண்ணிப் பார்த்தேன்.

வணக்கம்.