மேற்கோள் கணக்கும் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண்களும்

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போடும் பேராசிரியர்கள் என் மேசைக்கு வந்தால் பெரும்பாலும் கேட்பது, "என் சைட்டேஷன் எவ்வளவு, எச்-இண்டெக்ஸ் எவ்வளவு, பார்த்துச் சொல்லுங்களேன்" என்றுதான். சைட்டேஷன் என்றால் மேற்கோள். ஒருவருடைய ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துக் காட்டினால் ஒன்று. எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. குறைந்தது 20 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் உங்களிடம் 20 இருந்தால் உங்கள் எண் 20. கணினியில் பெயரைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் வந்துவிடும்.

அப்படித் தட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். டாக்டர் ஆர். சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். பிறகு பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஸ்கிரீனிங் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். அறிகுறி எதுவும் தெரியாத நிலையிலேயே புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியுமா, அதனால் சாவு குறையுமா என்பதுதான் அவர் துறை.

2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரையின் களம் நம் திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை என்ற ஊர். அங்கிருந்த சமுதாய நல மருத்துவமனைதான் களப்பணியைச் செய்தது. 30 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 80,000 பெண்கள். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம். ஒரு நிமிடம் பொறுத்தால், கோளாறு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். பார்ப்பது பயிற்சி பெற்ற செவிலியர். தேவைப்பட்டால், கோளாறான இடத்தை உறைய வைத்து அழிக்கும் குளிர் சிகிச்சையும் வந்த அன்றைக்கே அவரே கொடுத்துவிடுவார். அந்தப் பெண் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறித் திரும்ப வர வேண்டியதில்லை. சில வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது, ஒப்பிட்டுப் பார்க்கப் பரிசோதனை இல்லாமல் விட்ட ஊர்களைவிட, பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்பட்ட சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

இரண்டு வருடம் கழித்து மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வு வெளிவந்தது. சுமார் 1,32,000 பெண்கள், நான்கு பிரிவுகள். ஒரு பிரிவுக்கு, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்ற பரிசோதனை. ஒன்றுக்குப் பாப் ஸ்மியர், அதாவது கருப்பைவாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒன்றுக்கு இதே வினிகர் முறை. நான்காவது பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வைரஸ் பரிசோதனைப் பிரிவில் 34 பேர் இறந்தார்கள். நான்காவது பிரிவில் 64 பேர். ஒரே ஒரு தடவை செய்த பரிசோதனைக்கு இந்தப் பலன். ஆனால் வினிகர் முறையில் இங்கே சாவு குறிப்பிடும்படி குறையவில்லை. திண்டுக்கல்லில் கிடைத்ததற்கு மாறான முடிவு. இரண்டையும் வெளியிட்டது அதே மனிதர். இதற்காகவே நான் அவரைப் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, இதையெல்லாம் மேற்கோள் கணக்கில் எப்படிப் பார்ப்பது?

உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரம் வெளியிடும் அமெரிக்க இதழ் ஒன்று உண்டு. புற்றுநோயைப் பற்றி யார் கட்டுரை எழுதினாலும், "உலகில் வருடத்துக்கு இத்தனை பேருக்கு" என்ற முதல் வரிக்கு அந்தப் புள்ளிவிவரத்தைத்தான் காட்டுவார்கள். அதனால் அந்த இதழின் தாக்கக் காரணி, அதாவது அதன் கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள், ஒரு வருடம் 500ஐயே தாண்டியது. அது பயனுள்ள வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் வரியில் சம்பிரதாயத்துக்கு வரும் மேற்கோளும் ஒன்று. ஒரு நாட்டின் சுகாதாரத் துறை வழிகாட்டி நெறிமுறையில் வருவதும் ஒன்று. 2016இல் இந்திய அரசு 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வினிகர் பரிசோதனை என்று வகுத்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம், முதல் பரிசோதனையாக எச்.பி.வி. முறையைப் பரிந்துரைத்தது. இரண்டுக்கும் பின்னால் இந்தக் களஆய்வுகள் நிற்கின்றன. கணினிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

கண்டனமும் அப்படித்தான். பரிசோதனை இல்லாமல் ஒரு பிரிவை விட்டுவைத்தது நியாயமா என்று இந்த ஆய்வுகளைக் கடுமையாகக் கேட்டவர்கள் உண்டு. அந்த ஊர்களில் அப்போது எந்தப் பரிசோதனைத் திட்டமும் இல்லை, யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்பது பதில். அந்தப் பதில் எனக்கு முழு நிம்மதி தரவில்லை. 64 என்ற எண்ணைப் படிக்கும்போது மனசு அதில் நின்றுவிடுகிறது. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பிய கட்டுரையும் சங்கரநாராயணன் கணக்கில் ஒரு மேற்கோளாகத்தான் ஏறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்காகத் திருவனந்தபுரத்தில் அவர்கள் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் சாவு 34 சதவீதம் குறைந்தது. வீடு வீடாக நடந்தவர்களில் எத்தனை பேருக்கு எச்-இண்டெக்ஸ் இருக்கும்?

இப்போதெல்லாம் என்னிடம் வரும் பேராசிரியர்களுக்கு எண்ணைக் கொடுப்பதோடு, அவர்கள் கட்டுரை எந்த வழிகாட்டி நெறிமுறையிலாவது வந்திருக்கிறதா என்றும் தேடிப் பார்க்கிறேன். அரை நாள் ஆகும். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. கிடைத்தால், பின்பக்கத்தில் எழுதித் தருகிறேன்.

வணக்கம்.