இரண்டரைப் படப்பெட்டி

(தக்கலையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, தள்ளி நின்றே பேசுகிறேன். பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

நான் எழுத்தாளனும் இல்லை, விமர்சகனும் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு தியேட்டரில் இருபத்தாறு வருடம் ஆபரேட்டராக இருந்தவன். கார்பன் குச்சி எரிந்த காலத்தில் அந்த அறைக்குள் போனேன், ஹார்டு டிஸ்க் வந்த பிறகு வெளியே வந்தேன். ஒரு தடவை ஆறாம் ரீலுக்கு முன்னால் ஏழாம் ரீலை ஓட்டிவிட்டேன். செத்துப்போன வில்லன் எழுந்து வந்து கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போனான். ஜனங்கள் விசிலடித்தார்கள், முதலாளிதான் ஒரு வாரம் பேசவில்லை.

‘மறுபடி எடுக்க வேண்டிய பழைய படங்கள்’ என்று தலைப்புக் கொடுத்து, பத்துப் படம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். நான் கொண்டு வந்திருப்பது இரண்டரை.

வருகிற வழியில் சாயா குடிக்க நின்றேன். தலைப்பைக் கேட்டதும் கடையில் இருந்த எல்லாரும் ஆளுக்கொரு பட்டியல் தந்தார்கள். ஒரு பெரியவர் ‘மலைக்கள்ளன்’ என்றார். அதை அந்தக் காலத்திலேயே தமிழையும் சேர்த்து ஆறு மொழியில் எடுத்துவிட்டார்களே அண்ணாச்சி என்றேன். இன்னொருவர் ‘அந்த நாள்’ என்றார். 1954-இல் ஒரு பாட்டுகூட இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த படம். இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் ஃபோனிலேயே பார்க்கலாம், ஒரு குறையும் கிடையாது. அதைப் போய் மறுபடி எடுத்தால் என்ன செய்வார்கள்? கலர் சேர்ப்பார்கள், நாலு பாட்டு சேர்ப்பார்கள். அதற்கு எடுக்காமலே இருக்கலாம்.

என் கணக்கு இதுதான். ஓடி முடித்த படத்தை விடுங்கள், அதற்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. ஓட விடாமல் பெட்டியை மூடினார்களே, அந்தப் படங்களைத்தான் தேட வேண்டும். அப்படி இரண்டு பெட்டி நம்ம ஊர் ஆட்களுடையது. அதற்கு முன்னால், மறுபடி எடுப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு இந்தத் தக்கலையிலிருந்தே ஒரு சாட்சி சொல்லிவிடுகிறேன்.

‘மணிச்சித்திரத்தாழ்.’ 1993 கடைசியில் வந்த ஃபாசில் படம். அதில் வரும் தறவாட்டில், அதாவது பழைய குடும்ப வீட்டில், ஒரு பங்கு நம்ம பத்மநாபபுரம் கொட்டாரம், இன்னொரு பங்கு திருப்பூணித்துறை ஹில் பேலஸ். அது பிறகு கன்னடத்துக்குப் போனது, 2005-இல் தமிழில் ‘சந்திரமுகி’ ஆனது, வங்காளத்துக்கும் இந்திக்கும் போனது. சந்திரமுகி எத்தனை நாள் ஓடியது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தக் கதை எதன் மேல் நிற்கிறது? பேய் மேலா? இல்லை. ஒரு மலையாள வீட்டுப் பெண், கட்டிய புருஷன் முன்னால் நின்று, திடீரென்று தமிழில் பேசுகிறாள். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆட்டக்காரியின் குரல் அது. மலையாளிக்கு அந்த இடத்தில் முதுகு சில்லிடும். தமிழில் எடுக்கும்போது அவள் தமிழ் பேசினால் என்ன பயம் வரும்? அதனால் தெலுங்கு ஆக்கினார்கள். இந்தியில் அவள் வங்காளம் பேசினாள். கதையின் அஸ்திவாரம் எங்கே என்று கண்டுபிடித்துத்தான் இடம் மாற்றியிருக்கிறார்கள், அவர்களை லேசாகச் சொல்ல முடியாது.

ஆனால் நம்ம ஊரில் நடந்ததே வேறு. அந்த மலையாளப் படத்தை நான் ஓட்டியிருக்கிறேன். ஆபரேட்டர் அறையில் ஒரு சின்ன சதுர ஓட்டை இருக்கும். அதன் வழியாக நாங்கள் படத்தைவிட ஜனங்களைத்தான் அதிகம் பார்ப்போம். ‘ஒருமுறை வந்து பார்த்தாயா’ பாட்டில் தமிழும் மலையாளமும் மாறி மாறி வரும். நமக்கு இரண்டும் புரியும். அந்த ஆட்டக்காரி நாகவல்லி தமிழில் கத்தியதும் மற்ற ஊரில் பயந்திருப்பார்கள். இங்கே கடைசி வரிசையில் ஒரு அம்மா, ‘அய்யோ, நம்ம பிள்ளையில்லா அது’ என்றார். எனக்கு இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. எல்லையில் இருக்கிறவன் ஒரு கதையை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறான். சரி, அந்தப் படம் 2024-இல் மெருகேற்றி மறுபடி திரைக்கே வந்துவிட்டது. அதை விட்டுவிடுவோம்.

இனி முதல் பெட்டி.

அகஸ்தீஸ்வரத்தில் 1900-இல் பிறந்தவர் ஜே. சி. டேனியல். பல் வைத்தியம் படித்தவர், களரிப் பயிற்றில் பித்துப் பிடித்தவர். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு, தானே எழுதி, தானே இயக்கி, தானே நடித்து ஒரு மௌனப் படம் எடுத்தார். பெயர் ‘விகதகுமாரன்’. தொலைந்துபோன பிள்ளை என்று அர்த்தம். திருவிதாங்கூரில் ஒரு பணக்கார வீட்டுப் பையனைக் கடத்தி இலங்கைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள், அவன் அங்கே தோட்டக் கூலியாக வளர்கிறான் என்பது கதை. மலையாளத்தின் முதல் படம் அதுதான். திரைக்கு வந்த வருடம் 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கட்சி இருக்கிறது, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோசி. கூலி வேலை செய்த, தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த பெண். காக்காரிசி நாடகம் ஆடியவர். காக்காரிசி என்றால் தமிழும் மலையாளமும் கலந்த ஆட்டம், நம்ம பேச்சு மாதிரியே. திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் படம் போட்டார்கள். ரோசி உள்ளே வரக்கூடாது என்று பெரிய மனிதர்கள் சொன்னார்கள். கதாநாயகன் அவள் தலையில் இருந்த பூவை முத்தமிடும் காட்சி வந்ததும் திரை மேல் கல் விழுந்தது. ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் லாரி ஏறித் தப்பி வந்து, அந்த லாரி ஓட்டியவரையே கட்டிக்கொண்டு, நம்ம பக்கத்தில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார் என்கிறார்கள். அப்புறம் சினிமா பக்கம் வரவே இல்லை. 2023-இல் கூகுள் தன் முகப்பில் அவர் படம் போட்டபோதுதான் நம்மில் பாதிப் பேர் பெயரையே கேள்விப்பட்டோம்.

அந்தப் பெட்டி என்ன ஆனது? டேனியலின் மகன் சின்ன வயதில் விளையாட்டாகக் கொளுத்திவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் எப்படி எரியும் என்று எங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. தொலைந்த பிள்ளையைப் பற்றிய படம், அதுவும் தொலைந்தது.

டேனியல் 1975-இல் அகஸ்தீஸ்வரத்திலேயே இறந்தார். அதற்கு முன் உதவித்தொகை கேட்டபோது, நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள், அங்கே கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். 1956 நவம்பர் 1-இல் போட்ட மாநில எல்லைக் கோடு அவர் வீட்டுக்கு வடக்கே போய்விட்டது, அவர் என்ன செய்வார்? இப்போது கேரளத்தின் பெரிய சினிமா விருது அவர் பெயரில்தான்.

2013-இல் ‘செல்லுலாய்டு’ என்று மலையாளத்தில் ஒரு படம் வந்தது. நல்ல படம். ஆனால் அது டேனியலின் கதை. டேனியல் சொல்ல வந்த கதையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. கடத்தப்பட்ட பையன், இலங்கைத் தோட்டம், கூலிகள் இருக்கும் லைன் வீடு. இதை ஒரு அஞ்சலிப் படமாக, பழுப்பு நிறத்தில், மெதுவாக எடுக்க வேண்டாம். விறுவிறுப்பாக, வில்லனோடு, சண்டையோடு எடுக்கலாம். டேனியல் எடுக்க ஆசைப்பட்டதும் ஜனங்கள் பார்க்கிற படம்தான்.

இரண்டாவது பெட்டி எரியவில்லை, பூட்டப்பட்டது. நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கி 1933-இல் வந்த ‘மார்த்தாண்டவர்மா’. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவைப் பற்றி சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் எழுதிய நாவல்தான் கதை. நாவலின் உரிமை திருவனந்தபுரத்தில் ஒரு பதிப்பகத்திடம் இருந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள், சில நாளிலேயே படம் நின்றது, பெட்டி பதிப்பகத்தின் கைக்குப் போனது. நாற்பது வருடம் புத்தகக் கட்டுகளுக்கு நடுவே கிடந்து, 1974-இல் பி. கே. நாயர் அதைப் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார். சிரிக்கத்தான் தோன்றுகிறது. கோர்ட்டு பிடித்து வைத்ததால் அந்த ரீல் பிழைத்தது. ஜெயித்து ஊர் ஊராக ஓடியிருந்தால், கீறி, அறுந்து, வெட்டி ஒட்டி, என்னை மாதிரி ஒரு ஆபரேட்டர் கையில் செத்திருக்கும்.

நாவலாசிரியர் இறந்தது 1922-இல். இன்றைக்கு யாரும் வழக்குப் போட முடியாது. செட்டும் வேண்டாம், கதை நடக்கும் இடம் இந்தக் கட்டிடத்திலிருந்து நடக்கிற தூரம். ஆனால் அப்படியே எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. நாவல் ராஜா பக்கம் நின்று பேசுகிறது. ராஜாவை எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமார் ஒழிக்கப்பட்ட பிறகு அவர்கள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கடற்கரையில் மீனவர்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி உண்டு. துறையேற்றம் என்பார்கள். அப்படிக் கரையில் வந்து இறங்கிய ஒரு பெண் சொல்கிற மாதிரி இந்தப் படத்தைத் தொடங்கிப் பாருங்கள். நாகவல்லியைப் பார்த்து ‘நம்ம பிள்ளை’ என்றாரே, அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து. நாவலின் கதாநாயகன் அனந்தபத்மநாபன் பைத்தியக்காரச் சான்றானாக, அதாவது நாடாராக, வேஷம் போட்டுத் திரிகிறான். அவன் உண்மையில் யார் வீட்டுப் பிள்ளை என்பதில் நம்ம மாவட்டத்தில் வேறு கதைகளும் உண்டு. அதை இந்த மேடையில் விரித்தால் நான் வீடு போய்ச் சேர முடியாது.

கேட்டியளா, சிரிக்கிறவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது.

மீதி அரைப் பெட்டி நம்ம ஒழுகினசேரிக்காரர், கலைவாணருடையது. 1949-இல் ‘நல்லதம்பி’. ஃபிராங்க் காப்ரா 1936-இல் எடுத்த அமெரிக்கப் படம் ஒன்றைத் தழுவி அண்ணா எழுதியது. அதாவது அதுவே மறுபடி எடுத்ததுதான். மதுவிலக்குப் பிரச்சாரம் நிறைய இருக்கும், இன்றைக்கு அதை எடுத்தால் எந்தக் கட்சியின் படம் என்றுதான் முதல் கேள்வி வரும். முழுப் படம் வேண்டாம். அதில் வரும் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம் மட்டும் போதும். நந்தனார் சரித்திரத்தைத் திருப்பிப் போட்டு, சிதம்பரத்துக்குப் பதில் பள்ளிக்கூடத்துக்குப் போகத் துடிக்கிற சேரிப் பையனைப் பாடினார் கலைவாணர். இருபது நிமிடக் குறும்படமாக யாராவது கல்லூரிப் பிள்ளைகளே எடுக்கலாம். காசு அதிகம் ஆகாது, ஜால்ராவும் மிருதங்கமும் நல்ல குரலும் இருந்தால் சரி.

கேள்வி நேரம் என்றார்கள். அந்தத் தங்கச்சி கேட்கிறாள், விகதகுமாரனை எடுத்தால் ரோசி நடித்த வேஷத்தில் யாரைப் போடுவீர்கள் என்று. எனக்கு நடிகைகளின் பெயர் அவ்வளவு தெரியாது மக்களே. மும்பையிலிருந்து கொண்டுவர வேண்டாம். காக்காரிசி மாதிரி இரண்டு பாஷையும் தடுக்காமல் வருகிற பெண்ணாக, குழித்துறை பக்கமோ களியக்காவிளை பக்கமோ தேடினால் கிடைப்பாள். முதல் காட்சி மட்டும் திருவனந்தபுரத்திலேயே போட வேண்டும். அன்றைக்கு அந்தப் பெண் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும், நடு வரிசையில். புரொஜெக்டர் ஓட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

குலசேகரம் பஸ்ஸுக்கு ஆட்கள் எழுந்துவிட்டார்கள். நானும் அதில்தான் போக வேண்டும்.