ஷெலேவா: ஓர் அரசனின் சுகவாழ்வு

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஷெலேவா. நிம்மதியான சுகவாழ்வு என்று பொருள். இது, எபிரேயத்துக்கு நெருங்கிய பழைய மொழியான அரமேயத்தின் சொல். பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேயத்தில் எழுதப்பட்டது. ஆனால் தானியேல் நூல் இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அரமேயத்துக்கு மாறி, ஏழாம் அதிகாரம் முடியும்வரை அதிலேயே போகிறது.

நான்காம் அதிகாரத்தில் பேசுகிறவர், கி.மு. 605 முதல் 562 வரை பாபிலோனை ஆண்ட நேபுகாத்நேச்சார். வீட்டில் நிம்மதியாகவும் அரண்மனையில் செழிப்பாகவும் இருந்தேன் என்று ஆரம்பிக்கிறார். நிம்மதிக்கு அவர் சொல்வது 'ஷெலே'. ஷெலேவாவும் அதே வேரில் பிறந்ததுதான். செழிப்புக்குச் சொல்வது 'ரஅனன்'. இந்தச் சொல் எபிரேயத்தில் பெரும்பாலும் பசுமையான, இலை அடர்ந்த மரத்துக்கு வரும். தன்னைப் பச்சை மரமாகச் சொல்லிக்கொண்ட ராஜாவுக்குக் கனவிலும் ஒரு மரம்தான் வருகிறது. வானத்தைத் தொடும் மரம். அதை வெட்டிப்போடச் சொல்லி மேலிருந்து உத்தரவு வருகிறது. கதை சொன்னவர் சாதாரண ஆள் இல்லை!

கனவுக்குப் பொருள் சொன்ன தானியேல், கடைசியில் ஒரு யோசனையும் சொல்கிறார்: நீதி செய்யும், எளியவர்களுக்கு இரங்கும், அப்போது உம்முடைய ஷெலேவா நீடிக்கலாம். பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த இடத்தில் 'வாழ்வு' என்று இருக்கிறது. 'அவர்கள் வாழ்ந்த குடும்பம்' என்கிறோமே, அந்த வாழ்வு. அமைதி, வசதி, பயமின்மை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். எனக்குப் பிடித்த மொழிபெயர்ப்பு. சுகமாக இருக்காதே என்று தானியேல் சொல்லவில்லை, கவனியுங்கள். ஆனால் 'நீடிக்கும்' என்று உறுதியும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு மாதம் கழித்து, 'இது நான் கட்டிய பாபிலோன்' என்று ராஜா பெருமை பேசும்போது எல்லாம் கைவிட்டுப் போகிறது.

இதன் எபிரேய உறவுச் சொல் ஷல்வா. அதற்கு இரண்டு முகம். எருசலேமின் அரண்மனைகளுக்குள் சுகம் இருக்கட்டும் என்று 122-ஆம் சங்கீதம் வாழ்த்துவது அந்தச் சொல்லால்தான். நீதிமொழிகள் முதல் அதிகாரத்திலோ அதுவே மூடரை அழிக்கிறது. அங்கே தமிழில் 'நிர்விசாரம்' என்று போட்டிருக்கிறார்கள். அதாவது, எதைப் பற்றியும் கவலைப்படாத மெத்தனம்.

அப்புறம் இன்னொரு அரமேயச் சொல், ஷாலூ. அலட்சியம், கடமை தவறுதல் என்று பொருள். அகராதிகளில் இதையும் ஷெலேவாவின் வேரோடு சேர்த்துக் காட்டுவதுண்டு. தானியேல் நூலின் ஆறாம் அதிகாரத்தில் பிரதானிகள் தானியேலின் வேலையில் குற்றம் தேடுகிறார்கள். துருவித் துருவிப் பார்த்தும் அவரிடம் ஒரு ஷாலூகூட அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் அவருடைய ஜெபத்தைத்தான் குற்றமாக்க வேண்டியிருந்தது.

நன்றி, வணக்கம்.